ஜாவாவில் திகதியும் நேரமும்: எட்டு வருசப் பாவனைக்குப் பிறகு

உப்புவெளி விடுதி ஒன்றுக்கு அறைப் பதிவு மென்பொருள், பெரியப்பாவுக்குச் சாதகக் கணிப்பான். திருகோணமலையில் இருந்து நான் ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதியவற்றில் இன்னும் ஓடுபவை இந்த இரண்டும்தான்.

தொடங்கியது திகதிகளுக்கு ஜாவா தரும் பழைய கருவியான காலண்டர் வகுப்பில். ஜனவரிக்கு 0, டிசம்பருக்கு 11. 2023 பெப்ரவரி 30 என்று கொடுத்தால் வாய் திறக்காமல் மார்ச் 2 ஆக்கிவிடும். 2014இல் ஜாவா 8 உடன் வந்த புதிய திகதி-நேர நூலகமான ஜாவா.டைம் அப்படியில்லை. லோக்கல்டேட்.ஒஃப்(2023, 2, 30) என்றால் உடனே எக்செப்ஷன், அதாவது பிழை என்று சொல்லி நின்றுவிடும். மாதமும் 1இலிருந்துதான்.

ஆனால் பழகும்வரை கரைச்சல். அறை விடும் நேரத்தை, மணியை மாற்றும் கட்டளையான வித்ஹவர்(11) என்று மாற்றினேன், மாறவேயில்லை. இருக்கும் பொருளை அது தொடாது. புதிதாக ஒன்றைத் திருப்பித் தரும், அதை நாம்தான் மாறியில் வாங்க வேண்டும். இன்னொரு கோபம்: திகதியை அச்சிடும் வடிவத்தில், வருசத்துக்குச் சின்ன வை நான்குக்குப் (yyyy) பதில் பெரிய வை நான்கு (YYYY) போட்டால் வாரக் கணக்கு வருசம் வரும். 2019 டிசம்பர் 31 என்பது 2020 டிசம்பர் 31 என்று அச்சாகும். புதியதிலும் இந்தப் பொறி அப்படியே கிடக்கிறது.

சாதகத்தில்தான் ஜாவா.டைம் என்னை வென்றது. முதலில் எல்லாப் பிறப்புக்கும் இலங்கை நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால், அதாவது +5:30 என்று எழுதி வைத்திருந்தேன். 2001இல் பிறந்த பிள்ளையின் லக்கினம் பிழைக்கிறது என்றார் பெரியப்பா. மின்சாரம் மிச்சம் பிடிக்க 1996 மே மாதம் கடிகாரத்தை +6:30க்குத் தள்ளினார்களே, ஒக்டோபரில் +6:00, 2006 ஏப்ரலில்தான் திரும்ப +5:30. நேர வலயத்தைக் குறிக்கும் சோன்ஐடி.ஒஃப் என்பதற்குள் "ஆசியா/கொலம்போ" கொடுத்து, அதைப் பிறந்த நேரத்தோடு ஏட்சோனில் சேர்த்தால் இவ்வளவும் அதற்குத் தெரிந்திருக்கிறது. அரை மணித்தியாலம் என்பது லக்கினத்தில் கிட்டத்தட்ட ஏழரைப் பாகை, சின்ன விசயமில்லை.

ஆனாலும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் பழைய நேரமே ஓடியது. சம்பூர்ப் பக்கம் பிறந்தவருக்கு ஆசியா/கொலம்போ பிழை. நிலையான நேர வித்தியாசத்தைக் குறிக்கும் சோன்ஒஃப்செட்டில் +5:30ஐ நேரே கொடுக்க வேண்டும். அதை எந்த நூலகமும் ஊகிக்காது. அதனால் படிவத்தில் "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று ஒரு கட்டம் வைத்தேன். அதை நிரப்பாமல் பெரியப்பா பெயரைக்கூட அடிக்க விடுவதில்லை.