கூகுள் ட்ரெண்ட்ஸ்: சிறு வணிகரின் கைக்குப் பொருந்தும் கருவியா?

இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கான கத்தரிக்கோல்களை மட்டும் விற்கும் சிறிய இணையக் கடை ஒன்றை நடத்தி வருகிறேன். வாங்கக்கூடியவர் யார், அவர் எப்போது வாங்குவார், தேடும்போது எந்தச் சொல்லைத் தட்டுகிறார் ஆகிய மூன்றும் தெரியாமலேயே தொடங்கிய கடை அது. நீஷ் மார்க்கெட் என்று வணிகர்கள் சொல்லும் குறுகிய சந்தையைப் பற்றி யாரிடம் ஆலோசனை கேட்டாலும், அவர்கள் முதலில் கைகாட்டுவது கூகுள் ட்ரெண்ட்ஸைத்தான். கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. நானும் அப்படித்தான் அதற்குள் போனேன். மூன்று ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகு என் மதிப்பீடு இது: ஒரு சந்தை இருக்கிறதா, அது ஒரு குடும்பத்தைத் தாங்கும் அளவுக்குப் பெரியதா என்று அறிய இந்தக் கருவியை நம்பக் கூடாது, இருக்கிறது என்று வேறு வழியில் தெரிந்துகொண்ட சந்தையிடம் எந்தச் சொல்லில், எந்த மாதத்தில் பேசலாம் என்று அறிய இதைவிட வசதியான இலவசக் கருவியை நான் பார்த்ததில்லை.

2006-இல் வெளிவந்த இந்தச் சேவை, 2004 முதல் கூகுளில் மக்கள் தேடிய சொற்களின் போக்கைக் கோடாக வரைந்து காட்டுகிறது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தவறாகப் படிப்பது அந்தக் கோட்டின் உயரத்தை. 0 முதல் 100 வரையிலான அந்த எண்கள் தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல. குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட இடத்தில் நடந்த மொத்தத் தேடல்களில் நம் சொல்லுக்குக் கிடைத்த பங்கைக் கணக்கிட்டு, அந்தப் பங்கு எந்த வாரத்தில் உச்சத்தில் இருந்ததோ அந்த வாரத்துக்கு 100 கொடுத்து, மற்ற வாரங்களை அதனோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள். ஆகவே ஒரு கோடிப் பேர் தேடும் சொல்லும் சில ஆயிரம் பேர் தேடும் சொல்லும், தனித்தனியாகப் பார்க்கும்போது, இரண்டுமே 100-ஐத் தொடும். மொத்தத் தேடல்கள் பெருகினால், நம் சொல்லைத் தேடுவோர் கூடியிருந்தாலும் கோடு இறங்கித் தெரியலாம். அதோடு, எல்லாத் தேடல்களையும் எண்ணாமல் ஒரு மாதிரியை மட்டும் எடுத்துக் கணக்கிடுவதால், மிகக் குறைவாகத் தேடப்படும் சொற்கள் 0 என்றே காட்டப்படுகின்றன. பெருநிறுவனத்துக்கு இது ஒரு பொருட்டே அல்ல. குறுகிய சந்தையைத் தேடி வருபவருக்கோ, அவர் தேடி வந்ததே அந்த 0-க்குள்தான் மறைந்து கிடக்கிறது.

முதல் ஆண்டில் நான் சூடுபட்டது ஆகஸ்ட் மாதத்தில். இடக்கையர் தொடர்பான ஆங்கிலச் சொற்களை இட்டுப் பார்த்தபோது, ஆண்டுதோறும் ஆகஸ்ட் நடுவில் கோடு செங்குத்தாக எழுந்து சில நாள்களில் விழுந்துவிடுவதைக் கண்டேன். சந்தையின் நாடியையே பிடித்துவிட்டதாக எண்ணி, ஜூலையிலேயே வழக்கத்தைவிட மூன்று மடங்கு சரக்கை வரவழைத்து அடுக்கினேன். ஆகஸ்ட் 13 இடக்கையர் நாள் என்பதும் 1976 முதல் அது கொண்டாடப்பட்டு வருவதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. அன்றைக்குத் தேடுபவர்கள் வாழ்த்துப் படங்களையும் இடக்கைப் பிரபலங்களின் பட்டியலையும் தேடுகிறார்களே தவிரக் கத்தரிக்கோலைத் தேடவில்லை என்பதுதான் உறைக்கவில்லை. கோட்டுக்குக் கீழே ‘தொடர்புடைய தேடல்கள்’ என்றொரு பட்டியல் இருக்கிறது. அதை ஒருமுறை பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் விஷயம் விளங்கியிருக்கும். படத்தைப் பார்த்துவிட்டுப் பட்டியலைப் பார்க்காமல் விட்டது என் அவசரம். அதற்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சரக்கு தீர்வதற்கு அடுத்த மார்ச் ஆகிவிட்டது.

மக்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் இடக்கையர் என்ற கணக்கும் இதே வகையான மயக்கத்தைத் தருவதுதான். சாதாரணக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால், மேல் அலகு வெட்டும் கோட்டை மறைத்துவிடும். வலக்கை விரல்கள் இயல்பாகத் தரும் அழுத்தம் இரண்டு அலகுகளையும் நெருக்கிச் சேர்க்க, இடக்கை விரல்களின் அழுத்தமோ அவற்றை விலக்கிவிடுவதால், துணி வெட்டுப்படாமல் அலகுகளுக்கிடையே மடங்கிச் சிக்கிக்கொள்ளும். அலகுகளை இடம் மாற்றிப் பொருத்தியதுதான் உண்மையான இடக்கைக் கத்தரிக்கோல். (பிடியின் வடிவத்தை மட்டும் மாற்றிவிட்டு அந்தப் பெயரில் விற்பவர்களும் உண்டு.) இவ்வளவு தொல்லை இருக்கும்போது இடக்கையர் எல்லோரும் ஓடி வந்து வாங்குவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் வளர்ந்த இடக்கையர் பலர் சிறுவயதிலேயே வலக்கைக் கத்தரிக்கோலுக்குப் பழகிவிட்டவர்கள். சரியானதைக் கையில் கொடுத்தால் அவர்களுக்கு அதுதான் கோணலாகப் படுகிறது. மிஞ்சுபவர்கள், முதன்முதலாகக் கத்தரிக்கோல் பிடிக்கும் குழந்தையின் பெற்றோரும், நாள் முழுதும் வெட்டுவதையே தொழிலாகக் கொண்ட தையற்காரர், முடிதிருத்துநர் போன்றோரும்தான். இந்த வேறுபாட்டை எந்தக் கோடும் எனக்குக் காட்டித் தரவில்லை. பொருளைத் திருப்பி அனுப்பியவர்கள் எழுதிய காரணங்களைப் படித்தபோதுதான் தெரிந்தது.

வாடிக்கையாளர் யார் என்று ஓரளவு தெரிந்த பிறகு அதே கருவியைத் திறந்தபோது, அது வேறொன்றாக மாறியிருந்தது. தொடர்புடைய தேடல்களில் ‘டாப்’ என்ற பகுதி நிலையாக அதிகம் தேடப்படுபவற்றையும், ‘ரைசிங்’ என்ற பகுதி அண்மையில் வேகமாக ஏறியவற்றையும் தருகின்றன. ஏற்றம் 5,000 விழுக்காட்டைத் தாண்டினால் எண்ணுக்குப் பதில் ‘பிரேக்அவுட்’ என்ற சொல்லைப் போடுகிறார்கள். அந்தச் சொல்லைக் கண்டதும் துள்ளிக் குதிக்க வேண்டியதில்லை. 20 தேடல்கள் 1,100 ஆனாலும் அது பிரேக்அவுட்தான். எனக்குப் பயன்பட்டது ‘டாப்’ பகுதியின் அடிப்பகுதி. நான் என் பக்கங்களில் பொருளின் பெயரையும் எஃகின் தரத்தையும் எழுதிவைத்திருக்க, பெற்றோர்களோ குழந்தையின் வயதையும் வகுப்பையும் சேர்த்துத் தேடுவது அங்கேதான் தெரிந்தது. கிரிக்கெட் வீரர்களின் பெயர்கள் பட்டியலை அடைத்துக்கொண்டபோது, சொல்லுக்கு முன் கழித்தல் குறியிட்டு அவற்றை விலக்க முடிந்தது; கூட்டல் குறியால் பல எழுத்துக்கூட்டல்களை ஒன்றாகச் சேர்க்கவும் முடியும். பல சொற்களை ஒரே படத்தில் ஒப்பிடலாம்.

ஒரு சொல்லை இடும்போது அதைத் ‘தேடல் சொல்’ என்று எடுப்பதா, ‘தலைப்பு’ என்று எடுப்பதா என்று கருவி கேட்கும். பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். தேடல் சொல் நாம் தட்டிய சொற்களை மட்டுமே பார்க்கும். தலைப்பு, அதே பொருளைக் குறிக்கும் பல மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணும். தமிழில் விற்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. நான் விளம்பரத்தில் ‘இடக்கையர்’ என்று நல்ல தமிழில் எழுதுகிறேன். என் அம்மா ‘நொட்டாங்கை’ என்பார். வாங்குபவர் ‘லெஃப்ட் ஹேண்ட்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டுகிறார். தேவையின் போக்கைப் பார்க்கத் தலைப்பையும், விளம்பரத்துக்குச் சொல் பொறுக்கத் தேடல் சொல்லையும் பயன்படுத்துவது என் வழக்கம்.

எண்ணிக்கை வேண்டும் என்பவர்கள், ஒரு சொல் மாதத்துக்கு எத்தனை முறை தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் கீவேர்ட் பிளானரைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கூகுளின் விளம்பரச் சேவையான கூகுள் ஆட்ஸில் கணக்குத் தேவை. விளம்பரத்துக்கு அதிகம் செலவிடாத கணக்குகளுக்கு 1,000 முதல் 10,000 வரை என்பது போல அகன்ற வரம்பையே காட்டும். என்றாலும், ஒரு சொல்லின் மாதத் தேடல் நூற்றுக்கணக்கிலா ஆயிரக்கணக்கிலா என்பது தெரிந்துவிட்டால், ட்ரெண்ட்ஸில் அதை அருகில் வைத்து மற்றச் சொற்களை எடைபோடலாம். அங்குள்ள ‘போட்டி’ என்ற கட்டத்தைக் கண்டு ஏமாறாதீர்கள். எத்தனை விளம்பரதாரர்கள் அந்தச் சொல்லுக்கு மோதுகிறார்கள் என்பதை மட்டுமே அது சொல்கிறது. போட்டி குறைவு என்று போட்டிருந்தால், கண்டுபிடிக்கப்படாத சந்தையாகவும் இருக்கலாம், ஏற்கெனவே பலர் முயன்று பணம் வராமல் விட்டுப்போன சந்தையாகவும் இருக்கலாம்.

இங்கே ஒரு மனக்குறையையும் பதிவுசெய்துவிடுகிறேன். தொடக்க நாள்களில் ஓர் ஆலோசகரிடம் பணம் கொடுத்துச் சந்தை ஆய்வறிக்கை வாங்கினேன். முப்பது பக்கங்களில் பாதிக்கு மேல் ட்ரெண்ட்ஸ் திரையின் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் ‘தேவை அதிகரித்து வருகிறது’ என்ற ஒரே வரி. ஆகஸ்ட் உச்சமும் அதில் ‘பண்டிகைக் காலத் தேவை’ என்ற தலைப்போடு இருந்தது. இப்படி ஓர் அறிக்கை உங்கள் கைக்கு வந்தால், அந்தப் படங்களில் இருப்பது எண்ணிக்கையா பங்கா என்று மட்டும் கேளுங்கள்.

இன்று என் விளம்பரங்கள் இரண்டு குழுக்களாக ஓடுகின்றன. பெற்றோருக்கானதைப் பள்ளி ஆண்டு தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன் கூட்டுகிறேன். அந்தக் காலம் நாட்டுக்கு நாடு மாறுவதால், ட்ரெண்ட்ஸில் நாட்டைத் தேர்ந்தெடுத்துக் குழந்தைகளுக்கான கத்தரிக்கோல் தேடல் எப்போது ஏறுகிறது என்று பார்த்தே நாள் குறிக்கிறேன். தொழிலாளர்களுக்கான விளம்பரம் ஆண்டு முழுதும் சிறிய அளவில் ஓடுகிறது. வாழ்த்து, பேட்ஸ்மேன், கிட்டார் ஆகிய சொற்களோடு வரும் தேடல்களுக்கு என் விளம்பரம் தோன்றாதபடி விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். ஆகஸ்டில் வீணாகிக்கொண்டிருந்த பணம் அதோடு நின்றது.

வாடிக்கையாளர்கள் எழுதும் வாக்கியங்களைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். ட்ரெண்ட்ஸில் நான் இடும் சொற்கள் இப்போது அதிலிருந்தே வருகின்றன. சென்ற மாதம் தையற்காரப் பெண்மணி ஒருவர், ‘துணி வெட்டுப்படாமல் மடங்கிக்கொள்கிறது’ என்று எழுதியிருந்தார். அதை ட்ரெண்ட்ஸில் இட்டால், காட்டுவதற்குப் போதிய தரவு இல்லை என்று வந்தது. தொழிலாளர்களுக்கான கத்தரிக்கோல் பக்கத்தின் முதல் வரி இப்போது அந்த வாக்கியம்தான்.