மஞ்சப்பையில் பூம்பாறை: கிரிட்டாவும் இங்க்ஸ்கேப்பும் ஏழு வருஷமாக

கொடைக்கானலில் இருந்து மன்னவனூர் போகிற ரோட்டில், பூம்பாறை தெரியும் வளைவில் வண்டியை நிறுத்தாதவர்கள் குறைவு. படிப்படியாக இறங்கும் பூண்டு வயல், நடுவில் நெருக்கியடித்த வீடுகள், பின்னால் மலை. இந்த ஒரே காட்சியைத்தான் நான் ஏழு வருஷமாக கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்ப வரைகிறேன். ஏரிப்பக்கக் கடைகளில் விற்கும் தபால் அட்டைக்கு அது ஆயில் பெயின்டிங் மாதிரி வேண்டும். பூண்டும் காபித்தூளும் போட்டுக் கொடுக்கும் துணிப்பைக்கு நாலு கலரில் தட்டையாக வேண்டும். முதலாவதற்குக் கிரிட்டா என்ற ஓவிய சாஃப்ட்வேர், இரண்டாவதற்கு இங்க்ஸ்கேப் என்ற கோட்டுருவ சாஃப்ட்வேர். இரண்டுமே இலவசம். காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர் எதையும் நான் தொட்டதில்லை, அதனால் ஒப்பிட்டுச் சொல்ல மாட்டேன்.

2018-ல் குறிஞ்சி பூத்த சீசனில்தான் ஆரம்பித்தேன். போனில் எடுத்த பூம்பாறைப் படத்தைக் கிரிட்டாவில் திறந்து, ஃபில்டர் மெனுவில் ஆயில் பெயின்டைத் தட்டினேன். ஒரு நிமிஷத்தில் ஓவியம்! பெருமையாக அத்தையிடம் காட்டினேன். அவருக்கு அங்கே அரை ஏக்கர் பூண்டு. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏத்தா, இது என்னா, பூண்டுக் காடா, பாசிக் குட்டையா? மேல என்னா சுவரு ஊறுன மாதிரி இருக்கு?"

சுவர் ஊறின மாதிரி இருந்தது மூடுபனி. அத்தை சொன்னது சரி என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது. அந்த ஃபில்டர் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு சின்ன வட்டாரத்தை எடுத்துக்கொண்டு, அதில் எந்த அளவு வெளிச்சம் அதிகம் தட்டுப்படுகிறதோ அந்த நிறத்தை அங்கே அப்புகிறது. ஓடு, கதவு, மரம் என்று நிறம் சட்டென்று மாறும் இடத்தில் இது பிரமாதமாக வேலை செய்யும், தூரிகைத் தீற்றல் போலவே விழும். பனியில் அப்படி மாற்றமே கிடையாது. வெள்ளையில் இருந்து சாம்பலுக்கு மெதுவாக இறங்குகிறது. அதை ஃபில்டர் திட்டுத் திட்டாக வெட்டிவிடுகிறது. பூண்டுத் தாளோ மெல்லிசு, அந்த வட்டாரத்துக்குள் சிறுபான்மை. ஓட்டெடுப்பில் தோற்று மண்ணோடு போய்விடுகிறது.

ஆக, ஒரே ஃபில்டரை முழுப் படத்துக்கும் போடக் கூடாது. கிரிட்டாவில் ஃபில்டர் மாஸ்க் என்று ஒன்று இருக்கிறது. இதுவரை நான் கற்றதில் மிகவும் பயன்பட்டது அதுதான். படத்தை மாற்றாமல் ஃபில்டர் மேலே ஒரு திரையாக உட்கார்ந்திருக்கும். கறுப்பைப் பூசிய இடத்தில் விலகிக்கொள்ளும், வெள்ளை பூசினால் திரும்ப வரும். வீடுகளுக்கு ஆயில் பெயின்ட். வயலுக்கு, கிரிட்டாவோடு வரும் ஜிமிக் என்ற ஃபில்டர் தொகுப்பில் உள்ள குவஹாரா. இது புள்ளியைச் சுற்றி நாலு சதுரம் பார்த்து, எதில் நிறம் அதிகம் அலையவில்லையோ அதன் சராசரியை எடுக்கும். அதனால் வரப்பு விளிம்பு கரையாமல் கத்தி மாதிரி நிற்கும். (1976-ல் மருத்துவப் படங்களைத் தெளிவாக்கப் பிறந்த முறையாம். இங்கே பூண்டு வயலுக்கு உழைக்கிறது.)

பனிக்கு எந்த ஃபில்டரும் இல்லை, கைதான். படத்தை முதலிலேயே 16 பிட்டுக்கு மாற்றிக்கொள்வேன், ஒரு நிறத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நிறையப் படி கிடைக்கும். 8 பிட்டில் பனியை இழுத்து இழுத்துத் தேய்த்தால் அச்சில் கோடு கோடாக வரி தெரியும். பிறகு ஸ்மட்ஜ் பிரஷ். அதில் கலர் ரேட்டைச் சுழியமாக்கினால் புது நிறம் சேராது, இருக்கிற நிறத்தை மட்டும் விரலால் இழுப்பது போல இழுக்கும். பள்ளத்தாக்கில் இருந்து மலை விளிம்புப் பக்கம் இழுக்க வேண்டும். இங்கே பனி ஏறுவது பள்ளத்தில் இருந்துதான், நாம் எதிர்த்திசையில் இழுத்தால் புகை மாதிரி ஆகிவிடுகிறது. இதை யாரும் சொல்லித் தரவில்லை, சாயங்காலம் கோக்கர்ஸ் வாக்கில் நின்று பார்த்ததுதான்.

குறிஞ்சி அட்டையில் வேறு ஒரு அடி வாங்கினேன். திரையில் அந்த நீல ஊதா கண்ணைப் பறித்தது. அச்சில் வாடின கத்தரிக்காய்த் தோல். அச்சு மையால் எட்ட முடியாத நிறம் அது. கன்ட்ரோல் + ஒய் தட்டினால் அச்சில் எப்படி வரும் என்று கிரிட்டாவே காட்டும் என்பதை 500 அட்டை அடித்த பிறகு தெரிந்துகொண்டேன். இப்போது பூவை விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருக்கும் புல்லைக் கொஞ்சம் மஞ்சளாக்கிவிடுகிறேன். பக்கத்தில் மஞ்சள் இருந்தால் மங்கின ஊதாவும் எடுப்பாகத் தெரிகிறது.

இனி பை. 2021 டிசம்பரில் அரசாங்கம் 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்ததும் எனக்குப் பை வேலை கூடியது. இந்தப் பைக்கு ஸ்கிரீன் பிரின்டிங்தான், ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன், ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் காசு. நாலு கலர் என்று பேசிக்கொண்டு, கிரிட்டாவில் நிறத்தைக் குறைக்கும் போஸ்டரைஸ் ஃபில்டரில் 4 என்று போட்டு அனுப்பினேன். "நாலுன்னீங்க, எண்ண எண்ணப் போய்க்கிட்டே இருக்கே" என்று அச்சுப் பட்டறையில் இருந்து போன். அந்த 4 என்பது சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 4. பெருக்கினால் 64 வரை போகும்! பாலெட்டைஸ் என்ற ஃபில்டர்தான் இதற்குச் சரி. நாமே நாலு நிறத்தைத் தேர்ந்து கொடுத்தால் படத்தை அந்த நாலுக்குள் அடக்கிவிடும். டிதர் (இரண்டு நிறத்தைப் புள்ளியாகக் கலந்து காட்டும் வசதி) மட்டும் அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரவை தூவின மாதிரி புள்ளி.

அதன் பிறகே, படத்தைக் கோட்டுருவமாக மாற்றும் இங்க்ஸ்கேப்பின் டிரேஸ் பிட்மேப். போன் படத்தை நேரடியாக டிரேஸ் செய்தால் படத்தைச் சுருக்கும்போது ஒட்டும் ஜேபெக் அழுக்கையெல்லாம் உருவம் என்று நம்பி ஆயிரக்கணக்கில் நோட் (கோட்டைப் பிடித்திருக்கும் புள்ளி) போடும், 4 ஜிபி லேப்டாப் அப்படியே நின்றுவிடும். எவ்வளவு சின்னப் புள்ளியை விட்டுவிடலாம் என்று சொல்லும் ஸ்பெக்கிள்ஸில் முதலில் 2 இருக்கும், பைக்கு நான் 40, 50 வைக்கிறேன். ஸ்டாக் என்பதை அணைக்காதீர்கள். அது இருந்தால் ஒரு நிறம் அடுத்த நிறத்தின் அடியிலும் போய்ப் படுத்திருக்கும், பட்டறையில் ஸ்கிரீன் மயிரிழை நகர்ந்தாலும் நடுவில் துணி பல்லிளிக்காது. நோட் குறைக்கக் கன்ட்ரோல் + எல். அதை அவசரத்தில் அடுத்தடுத்துத் தட்டினால் ஒவ்வொரு தட்டுக்கும் கூடுதலாக மழிக்கும். அப்படித் தட்டித்தான் குழந்தை வேலப்பர் கோயில் கோபுரத்தை ஒரு தடவை ஆட்டுக்கல் ஆக்கினேன்.

கோபுரமாவது என் தப்பு என்று உடனே தெரிந்தது. கொடைக்கானல் ஏரி போட்ட பையில் நீலத்தை நம்பி 200 பை அடித்தாயிற்று. மஞ்சத் துணி மேல் நீல மை பட்டால் என்ன ஆகும் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். ஏரி முழுக்கப் பச்சை. அடியில் வெள்ளை அடித்தால் சரியாகும், அது இன்னொரு ஸ்கிரீன். அதற்கப்புறம் நீலத்தையே தள்ளிவிட்டேன். துணியின் மஞ்சளை ஐந்தாவது கலராக விட்டுவிடுகிறேன், படிவயலில் வெயில் விழும் இடம் முழுக்க வெறும் துணி.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இங்க்ஸ்கேப்பில் தமிழ் யூனிகோடு ஒழுங்காக உட்காரும். பட்டறையில் உள்ள பழைய கம்ப்யூட்டரோ, யூனிகோடுக்கு முந்தின பாமினி எழுத்துருக் காலத்தது. 'கொடைக்கானல்' என்று அனுப்பினேன், கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று கலைந்து வந்தது. எழுத்தைத் தேர்ந்து ஷிஃப்ட் + கன்ட்ரோல் + சி தட்டிப் பாத் ஆக்கி அனுப்புங்கள், அப்புறம் அது எழுத்தில்லை, படம். பிழை திருத்த எழுத்தாகவே ஒரு பிரதி தனியாக வைத்திருங்கள். நான் வைக்காமல் 'பூண்டு'க்கு ரெண்டு சுழி போட்ட 'பூன்டு' ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பேனா டேப்லெட்டைப் பொறுத்தவரை எனக்குக் கசப்புதான். இரண்டு வாங்கினேன். முதலாவதில் கேபிள் சொருகும் இடம் ஒரே மழைக்காலத்தில் பச்சை பூத்தது. மலைக்கு வந்து ரிப்பேர் பார்க்க ஆள் இல்லை, கீழே அனுப்பினால் மூன்று வாரம். இப்போது வேலை முடிந்ததும் அரிசி டப்பாவுக்குள் வைக்காத குறையாகத் துணியில் சுற்றி அடுப்படி அலமாரியில் வைக்கிறேன். கரண்ட் போகும்போது கிரிட்டாவின் தானாகச் சேமிக்கும் வசதி பல தடவை காப்பாற்றியிருக்கிறது. இங்க்ஸ்கேப் ஒரு தடவை காப்பாற்றவில்லை.

போன மாசம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். வடுகபட்டி சந்தைக்குப் போன பூண்டு போக மிச்சத்தை என் பையில்தான் கட்டி வைத்திருந்தார். பூண்டுத் தாள் தெரிகிறதா என்று கேட்டேன்.

"தெரியிது. ஆனா ரெண்டு தடவை அலசுனா பச்சை போயிருதே."

பட்டறையில் மை துணியில் பிடிக்கச் சூடு காட்டாமல் கொடுத்திருப்பார்கள். திங்கட்கிழமை போன் பண்ண வேண்டும்.