35 அங்குல டயருக்கு 4.88 கிரவுன் பினியன்: பொருத்தி ஓட்டிய பிறகு ஒரு மதிப்பீடு

வண்டி ஜீப் ராங்ளர் ஜேகே ரூபிகான். 3.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஐந்து வேக ஆட்டோமேட்டிக், முன்னும் பின்னும் டேனா 44 ஆக்சில், தொழிற்சாலையிலிருந்து வந்த 3.73 விகிதம் (சக்கரம் ஒரு முறை சுழல, ஆக்சிலுக்கு வரும் தண்டு எத்தனை முறை சுழல வேண்டும் என்ற எண்). இதில் 255/75ஆர்17 டயர்களைக் கழற்றிவிட்டு, சந்தையில் 35 அங்குலம் என்று விற்கப்படும் 315/70ஆர்17 டயர்களை ஏற்றிய பின், இரண்டு ஆக்சில்களுக்கும் 4.88 கிரவுன் பினியன் செட் (ஆக்சிலுக்குள் இந்த விகிதத்தைத் தீர்மானிக்கும் பெரிய, சிறிய பல்சக்கர இணை) வாங்கிப் பொருத்தினேன். பெட்டியின் மேல் யாருடைய பெயர் இருக்கிறது என்பதைவிட, எந்த விகிதத்தைத் தேர்ந்தெடுக்கிறோம், அதை எவ்வளவு பொறுமையாகப் பொருத்துகிறார்கள் என்ற இரண்டுமே பலனைத் தீர்மானிக்கின்றன. அதனால் இந்த மதிப்பீடும் பெரும்பாலும் அவற்றைப் பற்றியதே.

முதலில், மாற்றத்தின் தேவை. பழைய டயரின் விட்டம் ஏறத்தாழ 814 மில்லிமீட்டர், புதியது 873. ஏழு சதவீத வேறுபாடு கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றினாலும், 3.73 விகிதம் கொண்ட வண்டி 3.48 கொண்ட வண்டியைப் போல நடந்துகொள்ளத் தொடங்கிவிடுகிறது. நெடுஞ்சாலையில் லேசான ஏற்றம் வந்தாலே ஐந்தாவது கியரிலிருந்து நான்காவதுக்கு இறங்கும். சமதளம் வந்ததும் மேலே ஏறும். அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் இறங்கும். இப்படி அலைபாயும்போது, எஞ்சினை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு திரவத்தின் வழியே இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் பூட்டிக்கொள்வதும் விடுவதுமாக இருப்பதால் கியர்பாக்ஸ் ஆயிலும் சூடேறுகிறது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 107 ஆக இருக்கும். அந்த மீட்டரை நம்பி மைலேஜ் கணக்கிட்டு, பெரிய டயர் போட்டதும் எரிபொருள் செலவு எக்கச்சக்கமாகக் கூடிவிட்டது என்று புலம்புபவர்களின் புலம்பலில் ஒரு பங்கு ஓடோமீட்டர் குறைத்துக் காட்டிய தூரம்தான்.

எளிய சூத்திரம் எல்லோருக்கும் தெரியும்: பழைய விகிதத்தைப் புதிய டயர் விட்டத்தால் பெருக்கிப் பழைய விட்டத்தால் வகுக்க வேண்டும். என் வண்டிக்கு விடை 4.00, அதற்கு அருகில் கிடைப்பது 4.10. விற்பனையாளர்கள் காட்டும் அட்டவணைகள் சிலவும் இந்தக் கணக்கோடு நின்றுவிடுகின்றன. ஆனால் இந்தச் சூத்திரத்துக்குத் தெரிந்தது விட்டம் ஒன்றுதான். பெரிய டயரின் கூடுதல் எடை சுழற்சியின் விளிம்பில் இருப்பதையும், அகன்ற முரட்டுப் பட்டன்கள் தரையோடு உரசும் தடையையும், உயர்த்தப்பட்ட வண்டி மோதும் காற்றையும் அது அறியாது. எஞ்சின் சுற்று பழைய இடத்துக்குத் திரும்பினால் இழுவையும் திரும்பிவிடும் என்று எண்ணுவது தவறு. இழுவை திரும்ப வேண்டுமானால் சுற்று பழையதைவிடக் கூடியே இருக்க வேண்டும். 4.10ஐ நான் ஒதுக்கியதற்குக் காரணம் இதுதான்.

மீதமிருந்தவை 4.56, 4.88, 5.13. இந்த ஆட்டோமேட்டிக்கின் ஐந்தாவது கியர் 0.83 என்பதால் மணிக்கு 100 கிலோமீட்டரில் கணக்கிடுவது எளிது. பழைய டயரில் 3.73 தந்தது நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,020 சுற்று. புதிய டயரில் அது 1,880 ஆகச் சரிந்தது. 4.56 போட்டால் 2,300, 4.88க்கு 2,460, 5.13க்கு 2,590. இவற்றை எஞ்சினோடு வைத்துப் பார்க்க வேண்டும். இந்த 3.6 லிட்டர் எஞ்சின் தன் உச்ச முறுக்குவிசையைத் தருவது 4,800 சுற்றில். 1,900 சுற்றில் பாரம் இழுக்கச் சொன்னால் அது முனகத்தான் செய்யும். ஆகவே 2,460 அதற்குத் தண்டனை அல்ல. குறைந்த சுற்றிலேயே வலு காட்டும் டீசல் எஞ்சினுக்கு இதே எண் வீண் இரைச்சலாகும்; அங்கே நான் 4.10 அல்லது 4.56க்கு மேல் போகமாட்டேன்.

பற்களின் எண்ணிக்கையையும் பார்த்தேன். 3.73 என்பது கிரவுனில் 41 பல்லும் பினியனில் 11 பல்லும் கொண்டது, 4.56இல் 41க்கு 9, 4.88இல் 39க்கு 8, 5.13இல் 41க்கு 8. எண் கூடக் கூடப் பினியன் மெலிகிறது, ஒரே நேரத்தில் பற்றியிருக்கும் பற்களும் குறைகின்றன. டேனா 44க்கு 35 அங்குல டயரோடு எட்டுப் பல் பினியன் தாங்கும் என்பதே என் கருத்து. முன்பக்கம் இதைவிடச் சிறிய டேனா 30 ஆக்சில் உள்ள ராங்ளரில் 37 அங்குல டயரையும் மாட்டி, 5.13உம் போட்டுப் பாறையில் ஏற நினைப்பவர்களுக்கு அந்த உறுதியை நான் தரமாட்டேன்.

காட்டுப்பாதையில் கிடைத்த பலன்தான் இந்தச் செலவை நியாயப்படுத்துகிறது. முதல் கியர் 3.59, டிரான்ஸ்ஃபர் கேஸின் (எஞ்சின் வலுவை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) மெதுவாக ஊர்வதற்கான லோ ரேஞ்ச் 4.0, ஆக்சில் 3.73 ஆகிய மூன்றையும் பெருக்கினால் 53.6 வரும், 4.88 போட்ட பின் அது 70. கன்வர்ட்டரின் நழுவலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஆக்சிலரேட்டரைத் தொடாத 700 சுற்று ஐடிலில் வண்டி மணிக்கு 2.1 கிலோமீட்டருக்குப் பதிலாக 1.6 கிலோமீட்டரில் ஊர்கிறது. இந்த அரை கிலோமீட்டரின் அருமை இறக்கத்தில்தான் புரியும். சரளைக் கற்கள் உருளும் சரிவில் முன்பு பிரேக்கை அழுத்தி அழுத்தி இறங்க வேண்டியிருந்தது, சக்கரம் பூட்டிச் சறுக்கும் பயமும் கூடவே இருந்தது. இப்போது காலை எடுத்துவிட்டால் எஞ்சினே பிடித்துக்கொள்கிறது. பாறைப் படியில் முன்சக்கரம் முட்டி நிற்கும் இடத்திலும் ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்துத் துள்ள வேண்டியதில்லை. சற்றே அழுத்தினால் டயர் நிதானமாகக் கல்லின் மேல் ஏறி அமர்கிறது.

சாலையில் ஐந்தாவது கியர் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. முன்பு அது பெரும்பாலும் அலங்காரமாகவே இருந்தது. எரிபொருள் விஷயத்தில், நகருக்குள் சற்று நல்லது, வேகமான நெடும்பயணத்தில் சற்று மோசம்.

பொருத்துதல் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல செட்டையும் இங்கேதான் கெடுக்கிறார்கள். வேலையை ஒப்படைத்த பணிமனை முதல் முறை திருப்பித் தந்த வண்டியில், மணிக்கு 70க்கும் 80க்கும் இடையே காலைத் தளர்த்தியதும் பின் ஆக்சிலிலிருந்து மெல்லிய ஊளை எழுந்தது. புதுக் கியர் என்றால் இப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். ஆகாது. கியர் ஊளை தானாகக் குறைவது அரிது. மூடியைத் திறந்து, பற்களில் மஞ்சள் பசையைத் தடவி, பாரம் கொடுத்துச் சுழற்றிப் பார்க்கச் சொன்னேன். பல்லின் நடுவில் நீள்வட்டமாக விழ வேண்டிய தடம் வேர்ப் பக்கம் தாழ்ந்து கிடந்தது. பினியன் கிரவுனுக்குள் அதிக ஆழம் போயிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். பினியனின் ஆழத்தை அமைக்கும் மெல்லிய தகடான ஷிம்மைக் குறைத்து, பேரிங் இறுக்கத்தை மறுபடி அமைத்து, டயல் கேஜ் வைத்துப் பேக்லாஷை (பற்களுக்கு இடையே விடும் இடைவெளி) 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் எல்லைக்குள் கொண்டுவந்த பின் ஊளை நின்றது. செட்டில் பழுதே இல்லை. வண்டியை எடுக்கும் முன், இரண்டு ஆக்சில்களின் தடத்தையும் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். தயங்குகிற இடத்தில் வேலை கொடுக்காதீர்கள்.

புதுக் கியரைப் பழக்கும் முறையும் அலட்சியப்படுத்தத்தக்கது அல்ல. முதல் ஓட்டங்கள் 25, 30 கிலோமீட்டருக்குள் மிதமான வேகத்தில் அமைய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பின் ஆக்சில் முழுவதும் குளிர வேண்டும். 800 கிலோமீட்டர் வரை டிரெய்லர் இழுக்கக் கூடாது. அதன் பின் ஆயிலை மாற்ற வேண்டும். வடித்தபோது காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பாக உலோகத் துகள் ஒட்டியிருந்தது. அது இயல்பு. விரலில் சில்லாகத் தட்டுப்பட்டிருந்தால் கவலைப்பட்டிருப்பேன். டயர் அளவையும் புதிய விகிதத்தையும் வண்டியின் கணினியில் பதிவு செய்யாமல் விட்டால் கியர் மாறும் தருணங்கள் தவறும், எச்சரிக்கை விளக்கும் எரியும்.

குறைகள் இரண்டு. முன்பு 100 கிலோமீட்டர் வேகத்தில் 2,430 சுற்றில் ஓடிய பின்பக்கப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டு) இப்போது 2,970இல் சுழல்கிறது. அதில் சிறு சமநிலைக் குறை இருந்தாலும், உயர்த்திய சஸ்பென்ஷனால் கோணம் கெட்டிருந்தாலும், அதிர்வாக உடனே தெரிந்துவிடும். அடுத்தது கூலி. முன், பின் இரண்டு ஆக்சில்களையும் ஒரே விகிதத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் இரண்டு ஆக்சில்களும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸைச் சிதைக்கும். எனவே லாக்கர் (ஓர் ஆக்சிலின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலப் பூட்டும் அமைப்பு) இல்லாத வண்டிக்கு அதை வாங்கும் எண்ணம் இருந்தால், ஆக்சிலின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் திறந்திருக்கும் இதே சமயத்தில் போட்டுவிடுவது இரண்டாம் கூலியை மிச்சப்படுத்தும்.

என் வண்டியைப் போலவே பெட்ரோல் எஞ்சினும் ஐந்து வேக ஆட்டோமேட்டிக்கும் கொண்டு, 35 அங்குல டயரில் கரடுமுரடான பாதைக்கு அடிக்கடி போகிறவருக்கு 4.88ஐத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பெரும்பாலும் நெடுஞ்சாலையிலேயே ஓட்டுகிறவருக்கு 4.56 போதும். பழைய 3.8 லிட்டர் எஞ்சினோடு வந்த நான்கு வேக ஆட்டோமேட்டிக்கில் கடைசிக் கியர் 0.69 என்பதால், அங்கே இதே டயரில் 5.13 போட்டாலும் 100 கிலோமீட்டரில் 2,150 சுற்றுதான் வரும். அந்த வண்டிக்கு அதுவே சரி. ஜேகேவுக்கு அடுத்த தலைமுறை ராங்ளரான ஜேஎல்லின் எட்டு வேகக் கியர்பாக்ஸில் கடைசிக் கியர் 0.67 வரை இறங்குவதால் 4.88 அங்கே 2,000 சுற்றைக்கூடத் தொடாது. டயரை 37க்கு உயர்த்தும் யோசனை மனத்தில் இருப்பவர்கள் அதை முடிவு செய்யும் வரை கியர் செட் வாங்காமல் இருப்பது நல்லது. அந்த டயருக்கு என் தேர்வு 5.13.