849 ரூபாய் கெண்டைக்கால் உறை: நாலு மாதம் போட்டுப் பார்த்தபின்

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். கணுக்காலுக்கு மேலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை இறுக்கிப் பிடிக்கும் கறுப்பு உறை. கம்ப்ரஷன் ஸ்லீவ் என்பார்கள். ஜோடி 849 ரூபாய், ஆன்லைனில் வாங்கினேன். அட்டைப்பெட்டியில் ஷின் ஸ்பிளிண்ட்ஸ் வலிக்குத் தீர்வு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஓடுகிறவர்களுக்குக் கணைக்கால் எலும்பின் உள் ஓரமாக வரும் வலிக்குத்தான் அந்தப் பேர். நான் விழுந்தது அந்த வரியில்தான். கம்பெனி பேர் வேண்டாம்.

எனக்கு 43 வயது, பீளமேட்டில் ஒரு மில் ஆபீஸில் கணக்கு வேலை. டிசம்பரில் நடக்கும் கோயம்புத்தூர் மாரத்தானில் 10 கிலோமீட்டர் ஓடிவிடுவது என்று செப்டம்பரில் கிளம்பினேன். வாரத்துக்கு 8 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவன் மூன்றே வாரத்தில் 25-க்குத் தாவினேன். ரேஸ்கோர்ஸ் நடைபாதைக் கல்லில், குதிகால் ஓரம் தேய்ந்துபோன பழைய ஷூவோடு. நாலாவது வாரம் இரண்டு கணைக்காலிலும் உட்பக்க எலும்பு ஓரமாக ஒரு சாண் நீளத்துக்கு வலி. ஓடத் தொடங்கும்போது குத்தும், உடம்பு சூடேறியதும் அடங்கும், ஆபீஸ் நாற்காலியை விட்டு எழும்போது மறுபடி வந்து நிற்கும்.

உறையைக் குறை சொல்லவே முடியாத இடம் அளவு. கெண்டைக்காலின் பருத்த இடத்தை டேப் வைத்து அளந்தேன், 36 செ.மீ. அட்டவணைப்படி எடுத்த எம் சைஸ் கச்சிதமாக உட்கார்ந்தது. ஓடும்போது சதை குலுங்காமல் பிடித்துக்கொள்வது நிஜமாகவே சுகம். ராத்திரி துவைத்துப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். ஆனால் மேல் பட்டியில் இருக்கும் சிலிக்கான் கோடு வியர்வை பட்டதும் அரிக்கும். ஏழெட்டுத் துவைப்பில் இடதுகால் பட்டி தளர்ந்து, இரண்டாவது கிலோமீட்டரிலேயே சுருண்டு இறங்க ஆரம்பித்தது. திருப்பி அனுப்பும் கெடு அதற்குள் முடிந்துவிட்டது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குச் செலவு வைத்தது அந்தச் சுகம்தான். வலி கொஞ்சம் மட்டுப்பட்ட மாதிரி இருந்ததால் ஓட்டத்தைக் குறைக்கவே இல்லை. இன்னும் இரண்டு வாரத்தில் மாடிப்படி இறங்கவே பக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது.

அப்புறம்தான் சிங்காநல்லூர் பக்கம் ஒரு ஃபிசியோ அம்மாவிடம் போனேன். ஒரு தடவைக்கு 400 ரூபாய், ஆறு தடவை. எலும்பின் உள் ஓரத்தைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தார். வலி ஐந்து செ.மீ.க்கு மேல் பரவலாக இருந்தால் ஷின் ஸ்பிளிண்ட்ஸ் என்றார். ஒரே புள்ளியில் சுரீரென்று இருந்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, ஒற்றைக்காலில் குதிக்க முடியாமல் போனாலோ எலும்பில் விரிசல் இருக்கலாமாம். அது ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம், எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டிவரும். நல்லவேளை, எனக்கு முதல் ரகம்.

"உறையைப் போட்டுக்கிட்டே ஓடலாங்களா மேடம்?"

"போட்டுக்கங்க, நான் வேண்டாங்கல. ஆனா எலும்புக்கு அது தெரியாதுங்க."

அவர் விளக்கியது இதுதான். ஓடும்போது விழும் பாரத்தால் எலும்பில் கண்ணுக்குத் தெரியாத சேதம் ஆகிறது. உடம்பு சேதமான பகுதியை முதலில் அரித்து எடுத்துவிட்டு, பிறகுதான் புது எலும்பு கட்டும். கட்டி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் நாம் மேலே மேலே பாரம் ஏற்றினால் அரிப்பு முந்திக்கொள்ளும். வெளியே இருந்து இறுக்கும் துணி இந்தக் கணக்கில் எங்கேயும் வருவதில்லை. கணக்குப் பிள்ளையான எனக்கு இது உடனே புரிந்தது: வரவுக்கு மேல் செலவு.

நாலு வாரம் ஓட்டம் கிடையாது, சைக்கிள் மட்டும். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை ஏற்றி இறக்குவது, முட்டியை நீட்டி 15 தடவை, மடக்கி 15 தடவை, மூன்று சுற்று. மடக்கிச் செய்வதை விட்டுவிடாதீர்கள். கெண்டைக்காலின் அடிச்சதைக்கு வேலை கொடுப்பது அதுதான், எலும்பு வளையாமல் தாங்குவதும் அந்தச் சதைதான். மூன்றாவது வாரத்திலிருந்து மகனின் ஸ்கூல் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு செய்தேன். வீட்டில் சிரித்தார்கள், சிரிக்கட்டும். பிறகு புது ஷூ, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. காலை எட்டி வைக்காமல் குட்டிக் குட்டி எட்டாக வைக்கச் சொன்னார். நிமிடத்துக்கு 158 எட்டு வைத்துக்கொண்டிருந்தவன் இப்போது 168.

டிசம்பரில் நான் ஓடவில்லை. சாலையோரம் நின்று கைதட்டிவிட்டு வந்தேன். ஜனவரிக் கடைசியில் வலியில்லாமல் ஐந்து கிலோமீட்டர் ஓடினேன், உறை இல்லாமல்.

உறைக்கு ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் சுகத்துக்கும் சீக்கிரம் காய்வதற்கும். அட்டைப்பெட்டியில் அந்த ஒரு வரி இல்லாமல் இருந்திருந்தால் மூன்று போட்டிருப்பேன். வாங்கியே தீருவேன் என்றால் சிலிக்கான் கோடு இல்லாததாகப் பாருங்கள். ஷூ தேய்ந்திருந்தால் அந்த 849-ஐ அதில் போடுங்கள்.