துணிக்கு வரியா, கோட்டாவா? மருதமுனைத் தறியிலிருந்து ஒரு கணக்கு

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள எங்கள் ஊர் மருதமுனையில், போன மாதம் கைத்தறி நெசவாளர் கூட்டத்தில் அரசுக்குக் கொடுக்க ஒரு மகஜர் தயாரானது. வெளிநாட்டுத் துணியை மட்டுப்படுத்த வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. கோட்டா, அதாவது இறக்குமதிக்கு அளவு வரம்பு, கேட்பதா, கூடுதல் வரி கேட்பதா என்பதில்தான் கூட்டம் இரண்டுபட்டது. நான் வரிக்குக் கை உயர்த்தினேன்.

கோட்டாவின் பலம் தெரிந்ததுதான். இத்தனைதான் வரலாம் என்றால் அதற்கு மேல் வராது. வரி அப்படியல்ல, இந்திய மின்தறிச் சாரி வரியையும் சேர்த்து நம் கைத்தறியை விடக் குறைந்த விலைக்குப் பக்கத்துக் கல்முனைக் கடைகளில் தொங்கும். மூத்தவர்கள் 1970–77 காலத்தைச் சொல்வது அதனால்தான். இறக்குமதி இறுகியிருந்த அந்த ஆண்டுகளில் இங்கே வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். 1977இல் பொருளாதாரம் திறந்ததும் அது தேய்ந்தது.

சரி, நூலுக்கு எங்கே போவது? நம் நாட்டில் பருத்தி விளைவது சொற்பம். பாவுக்கும் ஊடைக்கும் நூல், சாயம் எல்லாம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான். கோட்டா என்றால் இறக்குமதி அனுமதிப்பத்திரத்தில்தான் ஓடும்; அப்படியான காலத்தில் துணியோடு நூலும் வரிசையில் நிற்கிறது. வாப்பா நூல் பங்கீட்டுக்குச் சங்க வாசலில் காத்திருந்ததை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நூல் வராத கிழமை, சாரிக்கு ஆள் இருந்தும் தறி சும்மா கிடக்கும். 2022இல் நானும் அதைப் பட்டேன். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்கு ஏறியது. கடைகளில் வெளித்துணி குறைந்தது. எங்களுக்கு நல்ல காலமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நூல் விலை தாங்காமல் என் நாலு தறியில் இரண்டை நிறுத்தினேன்.

வரியில் இரண்டையும் பிரிக்கலாம்: துணிக்கு ஏற்றி, நூலுக்கும் சாயத்துக்கும் பூச்சியம். கோட்டாவிலும் பிரிக்கலாம்தான். ஆனால் துணி அரிதாகி விலை ஏறும்போது லாபம் அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவருக்கே. வரியென்றால் அந்தப் பணம் திறைசேரிக்காவது போகும்.

அப்புறம், வரியை எடைக்குப் போடக் கூடாது. பொலியெஸ்டர் சாரி கையில் எடுத்தால் கனமே தெரியாது. கிலோவுக்கு இவ்வளவு என்றால் ஒரு சாரியில் எவ்வளவு ஒட்டும்? பெறுமதிக்குத்தான் போட வேண்டும். பெறுமதியைக் குறைத்துக் காட்டுவதைச் சுங்கம் பிடிக்கவும் வேண்டும்.

ஏற்றுமதிக்குத் தைக்கும் ஆடைத் தொழிற்சாலைக் கணக்கு வேறு. 2004 முடியும் வரை மேற்கு நாடுகள் ஆடை இறக்குமதிக்கு நாட்டுக்கு நாடு வைத்திருந்த கோட்டாதான் பல கொள்வனவாளரை இலங்கைக்கு அனுப்பியது. நான் பேசுவது சாரி, சாறன் மட்டும். மின்தறிக்காரருக்கு என் முடிவு பொருந்துமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மகஜரில் கடைசியில் கோட்டா, வரி இரண்டையும் எழுதினார்கள். நூலுக்கு வரி வேண்டாம் என்ற கோரிக்கையை முதலாவதாகப் போடச் சொன்னேன்; போட்டார்கள்.