செயற்கைப் பரங்கிக்காய்: நிறம் நிலைத்தது, காம்பு நிற்கவில்லை

பரங்கிக்காயைச் செதுக்கி வாசலில் வைக்கும் ஹாலோவீன் பண்டிகை முடிந்த கையோடு கடைகளில் செயற்கைப் பரங்கிக்காய்கள் பாதி விலைக்கு வந்துவிட்டன. "வாங்கி, உன்னைப் போல நிறம் மாற்றி வைக்கட்டுமா?" என்று தோழி கேட்டிருக்கிறாள். நியூ ஜெர்சியில் பல இலையுதிர் காலங்களாக என் வீட்டு வாசற்படியில் இருப்பவை இவைதான்.

நிறத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கடையிலிருந்து வரும்போது இருக்கும் பளபளப்பான ஆரஞ்சு, தெருவிலிருந்து பார்த்தாலே போலி என்று தெரியும். அக்ரிலிக் பெயின்ட்டில் சமையல் சோடாவைக் குழைத்து இரண்டு பூச்சு பூசுங்கள். பளபளப்பு அடங்கி, பழைய சுண்ணாம்புச் சுவரின் மங்கல் வந்துவிடும். பழுப்பு நிறத்தை நீர்க்கக் கரைத்துப் பள்ளங்களில் தடவி உடனே துடைத்தால் வரிகள் எழும்பித் தெரியும். ஆஸ்திரேலியாவின் ஜாரடேல் என்ற பரங்கி ரகத்துக்கு உரிய சாம்பல் கலந்த நீலம் அப்படித்தான் எனக்குக் கிடைத்தது. நிழலான வாசலில் அது இன்றுவரை உரியவில்லை, வெளுக்கவும் இல்லை. செதுக்கிய நிஜக் காய் ஒன்றிரண்டு வாரங்களில் அழுகிவிடும். இது நவம்பர் இறுதியில் வரும் தேங்க்ஸ்கிவிங் (நன்றி நவிலும் நாள்) தாண்டியும் நிற்கிறது. ஸ்ப்ரே பெயின்ட்டை மட்டும் நேரடியாக அடிக்காதீர்கள். காய் பாலிஸ்டைரீன் ஃபோமாக (தெர்மோகோல் வகை) இருந்தால் அதிலுள்ள கரைப்பான் மேற்பரப்பையே அரித்துவிடும்.

ஆனால் காம்பு! ஒவ்வோர் ஆண்டும் பெட்டியைத் திறக்கும்போது காய் ஓரிடம், காம்பு ஓரிடம். வழவழப்பான பிளாஸ்டிக் காம்பைச் சூட்டுப்பசை வைத்து ஒட்டி அனுப்புகிறார்கள். கோடையில் பரணில் ஏறும் வெப்பத்தில் அந்தப் பசை இளகுகிறது. வாசலில் குளிர் ஏறியதும் விறைத்து, தொட்டாலே பெயர்ந்துவிடுகிறது. சூட்டுப்பசையை உருக்கித் தரும் குளூ கன்னால் மறுபடி ஒட்டினால், அதிகச் சூட்டில் வரும் பசை ஃபோமையே உருக்கிப் பள்ளமாக்குகிறது.

ஒட்டியிருக்கும்போதும் அது காம்பாக இல்லை. ஹாலோவீனுக்குச் செதுக்கும் வழக்கமான காய்க்குக் காம்பு கடினமாக, ஐந்து விளிம்புகளோடு இருக்கும். ஜாரடேலுக்கும், சின்ட்ரெல்லா என்று விற்கப்படும் தட்டையான பிரெஞ்சு ரகத்துக்கும் அது தடித்து, உருண்டு, தக்கை போல இருக்கும். செய்பவர்களுக்கு இந்த வேறுபாடு பொருட்டே இல்லை. எல்லாக் காய்க்கும் ஒரே அச்சு. நிறத்துக்கு அவ்வளவு பாடுபட்ட பிறகு, தலையில் அந்தப் பிளாஸ்டிக் குழாயைப் பார்த்தால் எரிச்சல் மண்டுகிறது.

மாற்று வழி உண்டு. நிஜக் காயின் காம்பை வெட்டி நன்றாக உலரவிட்டு, அடியில் துளையிட்டு மரக்குச்சி ஒன்றைச் செருகுங்கள். குச்சியின் மறுபாதியை எபாக்சி பசையோடு ஃபோமுக்குள் இறக்கினால் அசையாது. என்னிடம் இப்போது உறுதியாக நிற்பவை அப்படிச் செய்தவை மட்டுமே.

ஆகவே என் பதில்: வாங்காதே. பாதி விலையானாலும் வேண்டாம். காயின் பாதி அழகு காம்பில் இருக்கிறது. அதை அலட்சியமாகச் செய்பவர்களுக்கு இந்த ஆண்டு என் பணம் போகாது. காம்பில்லாத வெறும் காயை விற்கட்டும், முழு விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.