கார்டு படுத்துவிட்டால் முதலில் எது: செக்டிஸ்க்கா, ரெக்குவாவா, போட்டோரெக்கா?

தங்கச்சிமடத்தில் அக்கா மகளுக்குப் புதுநன்மை (சர்ச்சில் முதல் நற்கருணை). முடிந்து வந்து கேமரா கார்டை லேப்டாப்பில் செருகினால், ஃபார்மட் செய்தால்தான் திறப்பேன் என்கிறது விண்டோஸ். அங்கே ஓகே அழுத்திவிடாதீர்கள். நம் கடற்கரை உப்புக்காற்றுக்கு ரீடரின் உள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், வேறு ரீடரில் போட்டாலே சில நேரம் திறந்துவிடும். எனக்குத் திறக்கவில்லை.

செக்டிஸ்க் (விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் சரிபார்க்கும் கருவி) போடு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன், ஏனென்றால் சரிசெய்யச் சொன்னால் அது அந்தக் கார்டிலேயே எழுதும். சில நேரம் படங்களைச் சிஎச்கே என்று முடியும் ஃபைல் துண்டுகளாக ஒரு ஃபோல்டரில் கொட்டிவிட்டுப் போய்விடும். கார்டு 'ரா' என்று, அதாவது ஃபைல் அமைப்பே புரியவில்லை என்று காட்டினால் கையை விரித்துவிடும்.

ஃபைல் மீட்கும் மென்பொருள்களான ரெக்குவாவும் போட்டோரெக்கும் கார்டைப் படிப்பதோடு சரி (மீட்டதை மட்டும் வேறு டிஸ்க்கில் சேமியுங்கள்). கைதவறி அழித்த படமா, ரெக்குவா போதும், எந்த ஃபைல் எங்கே என்று கார்டில் குறித்திருக்கும் அட்டவணை நன்றாக இருந்தால் பழைய பெயரோடு கிடைக்கும். அட்டவணையே சிதைந்திருந்தால் எனக்குப் போட்டோரெக்தான். அது அட்டவணையைச் சட்டையே செய்யாது, செக்டர் செக்டராக (கார்டின் சின்னச் சின்னக் கட்டங்கள்) போய் 'எஃப்எஃப் டி8 எஃப்எஃப்' என்ற பைட்டுகளோடு ஜேபெக் தொடங்கும் இடத்தைத் தேடும். கரைவலை இழுத்த மாதிரி மீனோடு பாசியும் வரும்: போன வருஷம் நான் அழித்த படகுப் படங்கள்கூட வந்தன. பெயர் ஒன்றும் மிஞ்சாது, எஃப் போட்டுச் செக்டர் எண்தான் பெயர். படத்துக்குள் இருக்கும் தேதியை வைத்துப் பிரித்தேன், ஒரு ராத்திரி போனது.

வீடியோ வேறு கதை. பேட்டரி தீர்ந்து பாதியில் நின்ற எம்பி4இல், கடைசியில் எழுத வேண்டிய 'மூவ்' பகுதியே (வீடியோவை எப்படி ஓட்டுவது என்ற குறிப்பு) இருக்காது, அதனால் மீட்டாலும் ஓடாது. விஎல்சி சரிசெய்வது ஏவிஐ ஃபைலைத்தான். இதற்கு அன்ட்ரங்க் என்ற மென்பொருள் வேண்டும், அதற்கு அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுக்க வேண்டும். 2025இல் திறந்த புதுப் பாம்பன் பாலம் மேலே தூக்கியபோது எடுத்த வீடியோ கையில் இருந்தது, அதைக் கொடுத்தேன். பிள்ளை நன்மை வாங்க வரிசையில் நிற்பது வரை ஓடுகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.